நூற்றுப் பதினான்காம் பறவை

என் மகள் ஆன்சியைப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். தை மாதக் கணக்கெடுப்பில், வலசை வருபவை என்ற பத்தியில், நூற்றுப் பதினான்காவது பறவையாக இருந்தாள். அந்தப் பத்தியில் இருப்பவை எல்லாம் பங்குனி கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சங்குமுனையை விட்டு வடக்கே கிளம்பிவிடும். எங்கள் ஊரில் இது ஒரு வருடமும் ஐந்து நிமிடம்கூடப் பிந்தியதில்லை.

யாரையும் குறை சொல்ல முடியாது. வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, தலைக்குச் சந்தனம் பூசி, அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தோம். கடற்கரையில் ஒரு துணியை விரித்து அவளை உட்கார வைத்தேன். கால் தண்டையில் ஒன்று பஸ்ஸில் தொலைந்துவிட்டது. மற்றது இடது காலில் கிடந்தது. அரை மைல் தள்ளித் தொலைநோக்கியோடு நின்ற பறவைக் கழகத்தார், பார்த்ததை அப்படியே எழுதினார்கள். மஞ்சள் தலை. இடது காலில் வெள்ளி வளையம். மணலில் எதையோ பொறுக்கித் தின்கிறது. இளசு. ஆணா பெண்ணா தெரியவில்லை. எண்ணிக்கை ஒன்று. கீழே இரண்டு பேர் கையெழுத்து.

அந்தப் பதிவேட்டில் மையால் எழுதியது எங்கள் ஊரில் நடந்துவிடும். போன வருடம் ஒரு கொக்கைத் தவறுதலாக இரண்டு என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் காலை இன்னொன்று வந்து பக்கத்தில் நின்றது.

பங்குனி இரண்டாம் வாரம் பறவைக் கழகத்திலிருந்து வீட்டுக்குக் கார்டு வந்தது.

'தங்கள் வசமுள்ள 114 ஆம் எண் பறவை இம்மாதக் கடைசி ஞாயிறு புறப்படுகிறது. நெடும் பயணம் ஆகையால் அதுவரை கொழுப்புள்ள தீனி கொடுக்கவும். ஈரத்தில் விடவேண்டாம்.'

என் கணவர் ஜெரால்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எதற்கும் சூடாகாதவர். கார்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பருப்புல நெய் கொஞ்சம் கூட ஊத்து" என்றார். "இவதான் ஒரு வாய் உள்ள எறக்க மாட்டேங்காளே. வெறும் வயித்தோட மங்கோலியா வரைக்கும் எப்படிப் போவா?"

"நீங்க போகட்டும்னு சொல்றீங்களா?"

"நா எங்க சொன்னேன்? அவன்லா கார்டு போட்டிருக்கான். ஐப்பசில எல்லாம் திரும்பி வந்துரும் லிடியா. அப்பம் நடக்கவும் செய்வா."

ஆன்சிக்கு அப்போது பத்து மாதம். அவள் பிறந்த நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். சட்டைப் பொத்தானைக் கண்டால் பயம், குளிக்கும் வாளியைக் கண்டால் பயம், அதிக நேரம் அழாமல் இருந்தாலும் பயம். ஆனால் அவையெல்லாம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இது கையெழுத்தோடு வந்திருந்தது. ஏழு மாதம் கழித்து வந்து என் முகத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்பது போல விழித்தால் நான் என்ன செய்வேன்? அந்தப் பக்கம் குளிராக இருக்கும் என்று கம்பளி நூல் வாங்கிக் குல்லா பின்ன ஆரம்பித்தேன். காதுப் பக்கம் வந்தபோதுதான், அவளை அனுப்பி வைக்கிற வேலையை நானே தொடங்கிவிட்டது புரிந்தது. பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள், கான்வென்ட்டில் பழகிய முறைப்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதி, பொருளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கழகத்தின் செயலாளரைப் பார்க்கப் போனேன். அவர் பெயர் ஞானப்பிரகாசம். உப்பளத்தில் சூப்பர்வைசராக இருக்கிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி.

"நல்ல கையெழுத்து" என்றார் விண்ணப்பத்தைப் பார்த்து. "ஆனா அடிச்சு எழுத முடியாதும்மா. ஒண்ண அடிச்சா மிச்சம் நூத்திப் பதிமூணும் செல்லாது. அத்தனையும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம உப்பளத்துல வந்து நிக்கும். நாங்க உப்பு வாரணுமா வேண்டாமா?"

"அவ பறவை இல்லையே அண்ணாச்சி."

"பறவைன்னு நா சொல்லலியே. பதிஞ்சிருக்குன்னுதான் சொல்லுதேன்."

நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் காப்பியையும் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அண்ணாச்சி விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"பத்தி மாத்தலாம்" என்றார். "வலசைப் பத்தியில இருந்து உள்ளூர்ப் பத்திக்கு. உள்ளூர்ப் பறவை எங்கயும் போக வேண்டாம். ஆனா அதுக்குக் கடைசி ஞாயித்துக்கெழம நாங்க பறவை பாக்கப் போற உலாவுல ஒரு தரம் கடக்கரையில, ஒரு தரம் காட்டுல தட்டுப்படணும். ரெண்டு எடத்துலயும் இருக்குன்னா அது இந்த ஊருன்னு அர்த்தம். மூணு பேரு பாக்கணும். தானாப் பாக்கணும். இந்தா இருக்குன்னு கை காட்டப்படாது."

"நான் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா?"

"தூக்கி வச்சிருந்தா அது பாத்தது இல்லம்மா, புடிச்சது. புடிச்சத அந்த எடத்துலயே விட்டுரணும். ஆள் பக்கத்துல நின்னாலும் செல்லாது."

"மூணு பேர் யாரு?"

"நானு, கோகிலம் டீச்சரு, ஸ்டுடியோ அஸ்கரு. வேற யாரு காலங்காத்தால வருவா?"

கடைசி ஞாயிறு முதல் பூசை முடிந்ததும், ஜெரால்டு எங்களை ஸ்கூட்டரில் கொண்டுபோய் முனையில் இறக்கிவிட்டார். மண் நிறத்தில் ஒரு சுடிதார் போட்டிருந்தேன். ஆன்சியை ஈர மணலுக்குப் பத்தடி இந்தப் பக்கம் உட்கார வைத்து, கையில் ஒரு ரஸ்க்கைக் கொடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். ஆறே முக்காலுக்கு மூன்று பேரும் வந்தார்கள். தொப்பி, தொலைநோக்கி, இட்லிப் பாத்திரம்.

அது அவர்களுக்கு ஓய்வு நாள். அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை என்பது பதினைந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பூநாரைகளைப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிறிய உள்ளான், கொசு உள்ளானா வேறு உள்ளானா என்று பேசினார்கள். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது.

"காலு கறுப்பு. கொசு உள்ளான்தான்" என்றார் கோகிலம் டீச்சர்.

"சேத்துல நின்னா எங்காலுங்கூடக் கறுப்புதான் டீச்சர்" என்றார் அஸ்கர்.

"ஒங்கால யாரு தம்பி எழுதச் சொன்னா?"

உள்ளான்கள் ஓடி ஓடி மேய்ந்தன. அவற்றுக்கு நடுவில் ஆன்சி ரஸ்க்கை முடித்துவிட்டு மணலைத் தொடங்கியிருந்தாள். டீச்சரின் தொலைநோக்கி மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

"அண்ணாச்சி, ரெண்டு உள்ளானுக்கு இடையில ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார். "வளையம் இருக்கு. எடது காலு. தையில பாத்த அதேதான். தல இப்பம் கறுத்திருக்கு."

"இறகு மாறியிருக்கும்."

"தவழுதே டீச்சர்?"

"இளசுல்லா, அப்படித்தான் வரும்."

இரண்டு பேர் ஆகிவிட்டது. அஸ்கர் கேமராவின் லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். அதற்குள் ஆன்சி தண்ணீரைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தாள். பத்தடி எட்டடியாகி, ஐந்தடியாகி, அலை வந்து அவள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுப் போனது. அவளுக்கு அது பிடித்திருந்தது. நான் எழுந்து ஓடித் தூக்கினால் பிடித்தது ஆகிவிடும். தூக்காமல் இருந்தால் அடுத்த அலை. எழுந்திருக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் போட நினைத்த சத்தம் இல்லை. கீச்சென்று மேலே ஏறி, இரண்டு முறை உடைந்து, கடைசியில் தேய்ந்தது. ஆன்சி நின்று திரும்பிப் பார்த்தாள். பிறகு வள்ளத்தை நோக்கி வேகமாகத் தவழ்ந்து வந்தாள்.

"அது என்ன கொரலு?" என்று அஸ்கர் நிமிர்ந்தார். குரல் வந்த திசையைத் தேடிய கேமரா ஆன்சியில் வந்து நின்றது. "ஓ, இங்க ஒண்ணு இருக்கே" என்று நான்கு படம் எடுத்தார்.

காலை 8.05, கடற்கரை, மூவர் கண்டது என்று அண்ணாச்சி எழுதினார். பிறகு எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். அவர்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்த நேரத்தில் நான் ஆன்சியை அள்ளிக்கொண்டு, ஜெரால்டு காத்திருந்த பனைமரத்துக்கு ஓடினேன்.

"ஈரம் ஆயிட்டாளே" என்றார் அவர். "கார்டுல போட்டிருந்தானே."

ஊருக்கு மேற்கே உடங்காடு இருக்கிறது. உடைமரமும் பாலையும் ஆங்காங்கே பனையும். பத்து மணிக்கு முன்பே போய், ஒரு பாலை மரத்தடியைக் கூட்டி, பாம்பு இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்து, முள்ளை எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு ஆன்சியை உட்கார வைத்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு முட்புதர் இருந்தது. அதற்குள் நுழைந்துகொண்டேன்.

கழகத்தார் பதினொன்றரைக்கு வந்தார்கள். ஒரு செம்போத்தைப் பார்த்தார்கள். கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரிக்கும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள், அது விரிக்கவில்லை. சரி, அதன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஜமுக்காளத்தை விரித்து, எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகு அண்ணாச்சி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தார். டீச்சர் மரத்தில் சாய்ந்தார். அஸ்கர் கேமராவைக் கட்டிக்கொண்டு தூங்கினார்.

இவ்வளவு நல்ல தூக்கத்தை நான் கண்டதில்லை. இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது, நான்கரை ஆனது. ஆன்சி தூங்கி எழுந்து, புதருக்குள்ளிருந்து நான் நீட்டிய பாலைக் குடித்து, நுங்கைத் தின்று, ஒரு எறும்புடன் விளையாடி, மீண்டும் தூங்கி எழுந்துவிட்டாள். அவர்களிடமிருந்து இருபதடி தூரத்தில் இருந்தாள். கண்ணைத் திறந்தால் போதும். ஆனால் எழுப்பினால் அது காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். நான் புதருக்குள் ஜெபமாலையை ஐந்து சுற்று முடித்தேன். காற்றே இல்லை. ஐந்தரைக்கு அண்ணாச்சி புரண்டு படுத்தார், மறுபக்கமாக.

ஐந்தே முக்காலுக்கு ஆறுமணிக்குருவி கத்தியது. அதுவும் அன்றைக்கே புறப்படுகிற பறவை என்பதால், சாமான்களை எடுத்து வைக்கிற அவசரத்தில் கால் மணி நேரம் முன்னதாகக் கத்தியிருக்க வேண்டும். மூன்று பேரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பறவையைப் பார்க்காமல் சீசனை முடித்தால் அவர்களுக்கு ஆறு மாதம் மனசு ஆறாது. குரல் பாலை மரத்தடியிலிருந்து வந்தது. மூன்று தொலைநோக்கிகளும் அங்கே திரும்பின.

"குருவியக் காணோம். ஆனா காலையில பாத்த அது இருக்கு" என்றார் டீச்சர்.

"ஆமா, காட்டுக்குள்ள வந்துட்டு" என்றார் அஸ்கர். "வளையம் தெரியுது."

அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு முதுகுதான் தெரியுது. முதுக வச்சு நா எழுத மாட்டேன்."

"அண்ணாச்சி, மணி அஞ்சு அம்பது ஆச்சு."

"ஆகட்டும் டீச்சர். போன வருசம் முதுகப் பாத்துட்டு வால்காக்கைன்னு எழுதி, கடைசில அது போஸ்ட்மேனு. இன்னும் மனுசன் மரத்த விட்டு எறங்கல."

ஆன்சி எறும்பைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். காலையில் வந்த அதே சத்தம் வந்தது. மேலே ஏறி, இரண்டு முறை உடைந்து, தேய்ந்தது. ஆன்சி திரும்பினாள். முகமெல்லாம் நுங்குத் தண்ணீரோடு சிரித்தாள்.

"இப்பம் சரி" என்றார் அண்ணாச்சி. மாலை 5.52, காடு, மூவர் கண்டது. வலசைப் பத்திக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு உள்ளூர்ப் பத்திக்குக் கொண்டுபோனார். மை காய ஊதினார்.

நான் புதரை விட்டு வெளியே வந்தேன். டீச்சர் என் முடியிலிருந்து ஒரு முள்ளை எடுத்துவிட்டார். நான் ஆன்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்ததாக ஆகிவிடாமல், இரண்டு விரலால் மட்டும் அவள் காலைத் தொட்டுக்கொண்டேன். அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. கடற்கரைப் பக்கமிருந்து உள்ளான்கள் எல்லாம் ஒரே விரிப்பாக எழுந்தன. பிறகு ஆலாக்கள், வாத்துகள். கடைசியாகப் பூநாரைகள், யாரோ ஒருவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, வரிசையாகத் தலைக்கு மேல் போயின. என் விரலுக்கடியில் ஆன்சியின் கால் ஒரு நொடி கனமில்லாமல் ஆனது. பாதம் மண்ணை விட்டு ஓர் அங்குலம் எழுந்து நின்றது. பிறகு பழைய கனத்துக்கு வந்து மண்ணில் பதிந்தது. அவள் அந்தக் காலாலேயே எறும்பை உதைத்தாள்.

ஜெரால்டு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, அவளைத் தூக்கிப் பார்த்தார். "எட்டரைக் கிலோ. அப்படியே இருக்கு" என்றார். ஐஸ் கட்டி தூக்கிப் பழகியவர். சொன்னால் சரியாக இருக்கும்.

"போறதுக்கு முந்தி இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் அண்ணாச்சி, பதிவேட்டை மூடாமல். "நூத்திப் பதினஞ்சு. காலையில கொரலு மட்டும். இப்பம் கொரலு, உருவம் ரெண்டும். பழுப்பு நெறம். முட்புதருல பதுங்கும். இளசு பக்கத்துலயே இருக்கும். மூணு பேரும் பாத்தாச்சு. இது என்னன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல."

நான் கையை உயர்த்தி, அது நான்தான் என்றேன்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"ஒட்டன்சத்திரம் பக்கம். கல்யாணம் ஆகி வந்தேன்."

மூன்று பேரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தப் பக்கத்து இனம் கடற்கரையில் தென்பட்டதாக எங்கும் இல்லை. அஸ்கர் லென்ஸைத் திரும்பவும் துடைத்தார். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வழி தப்பி வந்திருக்கு அண்ணாச்சி. இந்த மாவட்டத்துக்கே மொத மொத."

"எழுதிருவோம்" என்றார் அண்ணாச்சி.

ஜெரால்டு ஆன்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "அப்பம் இது எப்பம் கெளம்பும்?"

"வழி தப்பி வந்ததுக்குத் தேதி கெடையாதுடே. இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கும். வெரட்டாமப் பாத்துக்கோ."

திங்கள்கிழமை விடிந்தபோது, புதுப் பறவையைப் பார்க்க எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன், நாகர்கோவிலிலிருந்து இரண்டு கார். எல்லோரும் பச்சைச் சட்டை போட்டு, பேசாமல், அசையாமல் நின்றார்கள். ஜெரால்டு வேலைக்குப் போகும்போது, "ரொம்ப நெருங்காதிய, பயந்த சுபாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் துணி காயப்போட்டேன். நாற்பது தொலைநோக்கிகள் கொடிக்கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு என்னோடு வந்தன. அடையாளம் பக்கவாட்டில்தான் நன்றாகத் தெரியும் என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தாள். நான் சற்றுத் திரும்பி நின்றேன். ஆன்சி தவழ்ந்து நடையில் இருந்த பிளக் பாயிண்டை நோக்கிப் போனபோது, வேலிக்கு வெளியே நாற்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நான் போய் அவளை எடுத்து வந்தேன். அவள் வாயில் எதையோ போட்டபோது, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "இளசு, பத்து இருபத்தி ரெண்டு, கூழாங்கல்" என்று தணிந்த குரலில் நோட்டுப் போட்டார். நான் போய் அதையும் எடுத்தேன். மதியத்துக்குள் எனக்கு ஒன்று தெரிந்தது. அவள் எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மற்ற முப்பத்தொன்பது பேர் குனியவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் முருங்கை நிழலுக்குப் போனேன். பத்து மாதத்தில் முதல் தடவையாக, குழந்தை விழித்திருக்கும்போதே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கண் விழித்தபோது ஆன்சி என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, வேலியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் வெயில் படாமல் யாரோ ஒரு தொப்பியை எறிந்து சரியாக விழவைத்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் வேலிக்கு மேலே நோட்டைத் திருப்பி, நான் வாசிக்கும்படி பிடித்தார்.

'பிற்பகல் 2.10 முதல் 4.40 வரை உறக்கம். முருங்கை நிழல். இடது காலில் நின்றபடி.'

ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. சரிதான் என்று தலையசைத்துவிட்டு, வலது காலைக் கீழே ஊன்றினேன்.